நாலாவது குமிழ்

கரண்டு போய்ப் பத்து நிமிஷம் ஆன பிறகும் மூன்றாவது முள் துடித்துக்கொண்டிருந்தது.

மற்ற மூன்று முள்ளும் படுத்துவிட்டன. படுக்கத்தான் வேண்டும். எண்பத்து நாலாம் வருஷத்துத் தை மாதம் அது. சங்கரன்கோவிலில் பகல் இரண்டு மணிக்குக் கரண்டைப் பிடுங்கினால் நாலு மணிக்குத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டு அடித்ததும் ஊருக்குள் விசைத்தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நிற்கும், திருவேங்கடம் ரோட்டோரத்துத் தோட்டங்களில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டுகள் இருமி அடங்கும், அதுவரை இருந்ததே தெரியாத ஓர் இரைச்சல் போய்விட்டதும் காதுக்குள் ஒரு வெறுமை வந்து உட்காரும், மல்லிகைப் பாத்தியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதுகூடக் கேட்கும். ஊர்க்காரர்கள் அந்த இரண்டு மணி நேரத்தைத் திட்டித் தீர்த்தார்கள். ஆவுடையப்பன் அதற்காகவே கொச்சியிலிருந்து வந்திருந்தான்.

அவன் வேலை கடலைக் கேட்பது. கொச்சியில் அவன் இருந்த ஆய்வுக்கூடத்தில் கடலுக்குள் மைக்குகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, வருகிற சத்தம் கப்பலா, மீன் கூட்டமா, மழையா என்று பிரித்துப் பார்த்தார்கள். கடலில் எல்லாமே ஒரே நேரத்தில் பேசும். சந்தைக்குள் நின்றுகொண்டு ஒருத்தர் குரலை மட்டும் பிடிக்கிற பாடு அது. அதற்காக அவன் மூன்று வருஷமாக பாட்டரியில் ஓடுகிற ஒரு பெட்டி கட்டியிருந்தான். கயிற்றில் நாலு மைக். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஐந்தடி, பதினைந்தடி, இருபத்தைந்தடி, முப்பத்தைந்தடியில் ஒவ்வொன்று. ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஒரு முள். ஒரு சத்தம் எந்த மைக்குக்கு முதலில் வருகிறது, அடுத்ததற்கு எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்த்து, அது எத்தனை அடி ஆழத்திலிருந்து கிளம்புகிறது என்பதைப் பெட்டி ஒரு பித்தளை ஸ்கேலில் காட்டும். முகப்பில் நாலு குமிழ். ஒரு சத்தத்தின் ஆழத்துக்கு ஒரு குமிழைத் திருகி வைத்தால் ஹெட்போனில் அந்தச் சத்தம் மட்டும் செத்துப்போகும், மற்றதெல்லாம் இருக்கும். இப்படி ஒவ்வொன்றாகச் சாகடித்து, கடைசியில் ஒன்றுமே கேட்காத தண்ணீரைக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அதற்குத் தோதான இடம் மாமனாரின் மல்லிகைத் தோட்டத்துக் கிணறு. எண்பதடி ஆழம், பாறை வெட்டு, கார்த்திகை மழையில் நிறைந்து அசையாமல் கிடக்கிற தண்ணீர். ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு இருபத்திரண்டு அடி கீழே பக்கவாட்டில் ஒரு குடைவு. எப்போதோ ஊற்றுத் தேடி, ஆள் நுழைகிற அகலத்துக்குப் பாறைக்குள் குடைந்துவிட்டது. உள்ளே போகப் போக மேல்நோக்கி ஏறும். அதற்குள் ஊற்று விழுந்து களகளவென்று நாலு முள்ளையும் ஆட்டிக்கொண்டே இருந்தது. அதன் வாயை மண்மூடை வைத்து அடைத்துவிடலாம் என்று ஆவுடையப்பன்தான் சொன்னான்.

அடைக்க வந்தவன் அய்யாத்துரை. கிணறு வெட்டுகிறவன், கிணற்றில் முங்குகிறவன். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் ஒரு துண்டு, கையில் ஒரு முழக் கடப்பாரை, அவ்வளவுதான் அவன் கொண்டுவருவது. எப்போதும் மேலே நின்று வடம் பிடிப்பவள் அவன் பெண்டாட்டி சீனியம்மாள். அந்தத் திங்கட்கிழமை அவள் ராயகிரிக்கு ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தாள். தோட்டத்து மோட்டார் பார்க்கிற மூக்காண்டிதான் மூடைகளை இறக்கினான்.

"குடைவுக்குள்ள மேல காத்து நிக்கும் சார்," என்று அய்யாத்துரை சொன்னான். "அங்கன போயி மூச்சு வாங்கிக்கிட்டே அடுக்கிருவேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

அவன் பேசிக் கேட்டது அது ஒன்றுதான். ஒரு மணிக்குக் கடைசி மூடையையும் இறக்கிவிட்டு மூக்காண்டி மேலக்காட்டுக்கு மடை திருப்பப் போனான். ஆவுடையப்பன் சாப்பிடப் போனான். இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் ஊற்றுச் சத்தம் சுத்தமாக நின்றிருந்தது, வடம் தண்ணீருக்குள் தளர்ந்து தொங்கியது, ஆளைக் காணோம்.

"முடிச்சிட்டுப் போயிருப்பான் அண்ணாச்சி," என்றான் மூக்காண்டி. "ஏறுனான்னா ஒரு நிமிசம் நிக்க மாட்டான் அவன்."

அது நேற்று. இன்று செவ்வாய்க்கிழமை. மூன்றாவது முள் இரண்டு முறை துள்ளியது, கொஞ்சம் பொறுத்தது, ஒரு முறை துள்ளியது. பிறகு சும்மா இருந்தது. பிறகு மறுபடியும் இரண்டு, விட்டு ஒன்று.

ஹெட்போனை மாட்டினான். தட், தட். தட். மங்கலாக, பாறைக்குள் பாறை இடிக்கிற மாதிரி. மூக்காண்டியைக் கூப்பிட்டு அவன் காதிலும் வைத்தான். மூக்காண்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அட, இது புட்வால்வுல்லா அண்ணாச்சி. மோட்டாரு நின்னா குழாய்க்குள்ள நிக்க தண்ணி கொஞ்சங் கொஞ்சமா இறங்கும். வால்வு தட்டும். வாசரு போச்சு, மாத்தணும்."

"புட்வால்வு பத்தடியிலல்லா கிடக்கு? இது இருபத்திரண்டு காட்டுதே."

"அப்பம் ஒங்க பெட்டிதான் தப்பாக் காட்டுது," என்று சொல்லிவிட்டு மூக்காண்டி பீடி பற்ற வைத்தான்.

குடைவும் இருபத்திரண்டு அடியில்தான் இருந்தது. அது ஆவுடையப்பனுக்கு ஞாபகம் வராமலில்லை, வந்தது. அடைத்தாயிற்றே, அடைத்த இடத்தில் என்ன சத்தம் இருக்கப்போகிறது என்று தள்ளிவிட்டான். ஆழம் தெரிந்த ஒரு சத்தத்தை வைத்துத்தான் ஸ்கேலைச் சரிபார்ப்பது வழக்கம். குழாயின் அடிவாயில் இருக்கிற புட்வால்வு பத்தடியில் இருப்பது ஊரறிந்தது. ஆகவே தப்பு ஸ்கேலில்தான். திருகாணியைத் தளர்த்தினான், பித்தளைத் தகட்டைப் பன்னிரண்டு அடி நகர்த்தினான், முடுக்கினான். நோட்டில் 'பன்னிரண்டு அடி திருத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு நாலாவது குமிழை மெதுவாகத் திருகினான். தட், தட். தட். இன்னும் கொஞ்சம் திருகினான். அது தேய்ந்து, தூரமாகி, இல்லாமல் போயிற்று. ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் அவன் கேட்ட முதல் சுத்தமான தண்ணீர் அதுதான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை சீனியம்மாள் வந்தாள். காய்ந்த உடம்பு, வடம் இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய உள்ளங்கை. அவன் ஹெட்போனைக் கழற்றாமலே நிமிர்ந்தான்.

"சார், எங்க வீட்டு ஆளு திங்கக்கெழம இங்கன வந்தாகல்லா. வீட்டுக்கு வரலையே. வேலைய முடிச்சுப் போனாகளா?"

"போயிட்டாரேம்மா."

"நீங்க பாத்தியளா சார்?"

பெட்டியோடு இணைத்திருந்த டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேச்சு எங்கே பதிந்துவிடுமோ என்று அவனுக்கு எரிச்சல். "பார்த்தேன் பார்த்தேன். ஏறிப் போனதை நான்தான் பார்த்தேன்," என்றான்.

"அப்பம் சரி சார்," என்று அவள் முகம் தெளிந்தது. "வாசுதேவநல்லூர்ல அவுக தங்கச்சி வீடு இருக்கு. அங்கன போயிருப்பாக." பஸ்ஸைப் பிடிக்க வரப்பில் வேகமாக நடந்து போனாள். அவன் குமிழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது வைத்த இடத்தில்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னவென்றும் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி மாமனார் வீட்டில் படுத்தால் இரண்டு பக்கமும் தறி ஓடுகிற தெரு, அந்தக் கடகடவுக்குள்ளே எங்கேயோ வேறொரு கதி இருப்பதாகத் தோன்றும், எழுந்து உட்கார்ந்தால் இருக்காது, படுத்தால் வரும். தெற்கே எங்கோ சரக்கு ரயில் வருகிறதென்றால் தரை முதலில் சொல்லிவிடும், காது பிறகுதான் கேட்கும், அந்த இடைவெளியில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தான். தாழ்வாரத்து வாளியில் குழாய்த் தண்ணீர் சொட்டினால் எண்ணினான். மல்லிகை வாடையும் கிணற்றுப் புறா எச்சத்தின் வாடையும் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. ஏன் எண்ணுகிறோம் என்று கேட்டுக்கொண்டான். மறுபடி எண்ணினான்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது மனைவி கோமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பார்த்தாள்.

"இது என்ன, சோத்துத் தட்டுல தாளம் போட்டுக்கிட்டு? நேத்துல இருந்து இதே சோலியா இருக்கிய."

"நான் எங்கே போட்டேன்?"

"இந்தா, போடுதியல்லா."

அவன் குனிந்து பார்த்தான். ஆள்காட்டி விரல் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு, விட்டு ஒன்று. அவன் அதை இடது கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு சீனியம்மாள் மறுபடி வந்தாள். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "வாசுதேவநல்லூர்ல இல்ல சார். திருவேங்கடத்துல இல்ல. ஒருத்தரும் பாக்கலங்காக," என்று ஆரம்பித்தாள். எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பார், வந்துவிடுவார் என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கேட்கவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பெட்டியின் மூடியில் கிடந்த அவன் வலது கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை ஒங்களுக்கு யாரு சொல்லித் தந்தா சார்?"

"எதை?"

"இந்தத் தட்டை. ரெண்டு தட்டி, விட்டு ஒண்ணு."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"கெணத்துக்குள்ள இருந்து கூப்புட்டா மேல ஒண்ணும் வெளங்காது சார், சத்தம் சுத்திச் சுத்திக் கொழம்பிரும். அதனால கடப்பாரைய வச்சுக் கல்லுல தட்டுவாக. ஒண்ணு தட்டுனா வடத்தை எறக்கணும். மூணு தட்டுனா வெடி வச்சாச்சு, தள்ளிப் போன்னு அர்த்தம். ரெண்டு தட்டி, விட்டு ஒண்ணுன்னா..." அவள் குரல் இறங்கிவிட்டது. "தூக்குன்னு அர்த்தம். இருவது வருசமா நான்லா சார் தூக்குதேன்."

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தான். "மூக்காண்டி, மோட்டாரை நிறுத்து!" என்று கத்தினான். ஹெட்போனை மாட்டினான். குமிழ் வழுக்கியது. நாலாவது குமிழைப் பின்னுக்குத் திருகினான்.

தட்... தட்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

தட்.

தண்ணீருக்குள் இருக்கிற சத்தம் காற்றுக்கு ஏறி வராது. தண்ணீர் மட்டமே அதற்குக் கூரை. மோதிவிட்டுக் கீழேயே திரும்பிப் போய்விடும். அந்தக் கிணற்றடியில் எத்தனை பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. ஊரிலேயே அதைக் கேட்க முடிந்தவன் அவன் ஒருத்தன்தான். கேட்டான். பிறகு திருகி அடைத்தான்.

அவன் என்ன சொல்லிக் கத்தினான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. சீனியம்மாள் கிணற்று விளிம்பில் குப்புற விழுந்து, "இந்தா தூக்குதேன், இந்தா தூக்குதேன்," என்று தண்ணீரைப் பார்த்துக் கதறியது மட்டும் ஞாபகம். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. புருஷன் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. நாலு டீசல் இஞ்சின் வைத்து விடிய விடிய இறைத்தார்கள். சனிக்கிழமை காலையில் குடைவின் வாய் வெளியே தெரிந்தது. மண்மூடைகளுக்கு மேலே, குடைவின் நெற்றிப் பாறை அப்படியே உட்கார்ந்திருந்தது.

நெம்பி எடுத்தபோது அய்யாத்துரை அதற்கு அடியில் இருந்தான். இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே பாறைக்கடியில் நசுங்கியிருந்தன. கடப்பாரை அவனுக்கு எட்டாத இடத்தில், மூடைகளுக்கு வெளியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் தீர்மானமாகச் சொன்னார்: திங்கட்கிழமையே, பாறை விழுந்த கணத்திலேயே போய்விட்டான், ஒரு நிமிஷம்கூட உயிரோடு இருந்திருக்க முடியாது. அதைக் கேட்டதும் ஊர் ஆவுடையப்பனை ஆறுதல் செய்தது. மாமனார் முதுகில் தட்டிக்கொடுத்தார். நீங்க என்ன செய்ய முடியும், விதி முடிஞ்சு போச்சு, அஞ்சு நாள் கெடந்து துடிக்காமப் போனானே, அதுவரைக்கும் புண்ணியம் என்றார்கள். அவன் தலையாட்டினான்.

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை தட்டியது யார் என்று அவன் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. டேப்பைப் போட்டுப் பார்த்தான். செவ்வாய் இருந்தது, புதன் இருந்தது, வியாழன் இருந்தது. புதன்கிழமை டேப்பில், காலடியில் கிடந்த ஏதோ ஒரு மைக் வழியாக அவன் குரலும் பதிந்திருந்தது. பார்த்தேன் பார்த்தேன். ஏறிப் போனதை நான்தான் பார்த்தேன். அதற்கு அடியில் தட், தட். தட்.

அவனைத் தின்றது அதுதான். பாறை விழுந்தது அவன் குற்றமில்லை, சரி. பார்த்தேன் என்று ஏன் சொன்னான்? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கிணற்றை விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்தாள். அது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். அவள் அதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப்போகிறாள் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தான். வாசலில் வளையல் சத்தம் கேட்டாலே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவான்.

அடுத்த புதன்கிழமை ஊற்றுத் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறியிருந்தது. மைக் கயிறு தொங்கின இடத்திலேயே தொங்கியது, எடுக்க யாருக்கும் நினைப்பில்லை. இரண்டு மணிக்குக் கரண்டு போனதும், ஒன்றுமில்லை என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும், நிம்மதியாகக் கொச்சிக்குப் போய்விடலாம் என்று பெட்டியை முடுக்கினான்.

மூன்றாவது முள் துள்ளியது. இரண்டு. விட்டு ஒன்று.

ஸ்கேலைப் பன்னிரண்டு அடி பழையபடி நகர்த்தினான். இருபத்திரண்டு. நாலாவது குமிழைத் திருகினான். சத்தம் அடங்கவில்லை. முழுக்கத் திருகினான். அடங்கவில்லை. மற்ற மூன்று குமிழையும் வேறு வேறு ஆழத்துக்குத் திருகினான். ஹெட்போனில் கிணறு முழுவதும் செத்துப்போயிற்று, ஊற்று, மீன், தூரத்து லாரி எல்லாம் போயின. தட்டு மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட பிறகு முன்னைவிடத் தெளிவாக. அவன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரப்பில் ஓடினான். அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், அதிகாரிகள் வர வேண்டாமென்று தந்தி கொடுத்தாயிற்று, கொச்சிக்குப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கயிற்றையும் பெட்டியையும் மட்டும் எடுக்க வேண்டும். மூக்காண்டியைத் துணைக்கு வரச் சொல்லியிருந்தான். பகல் ஒன்றே முக்காலுக்குக் கிணற்றடிக்கு வந்தால் மூக்காண்டி இல்லை. கிணற்று மேட்டில் சீனியம்மாள் நின்றிருந்தாள். வெள்ளைச் சேலை. பக்கத்தில் சுருட்டி வைத்த வடம்.

"மூக்காண்டி வர மாட்டான் சார். செவ்வாக்கெழமயே ரெண்டு பேரும் கேட்டியளாமே. எங்கிட்ட சொல்லி அழுதான்."

"புட்வால்வுன்னு நினைச்சோம்மா. சத்தியமா."

"இப்பமும் கேக்குதா சார்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லி இவ்வளவு ஆயிற்று, இரண்டாவது பொய் தொண்டையைத் தாண்டி வரவில்லை. அவள் பெட்டி முன்னால் வந்து மண்ணில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் ஹெட்போனைக் கொடுத்தான்.

கரண்டு போயிற்று. ஊர்ப்பக்கம் தறிகள் நின்றன. உச்சி வெயிலில் மல்லிகைச் செடிகள் அசையவில்லை. புறாக்கள்கூட இல்லை.

மூன்றாவது முள் துள்ளியது.

அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. காலையில் அடுப்பில் பால் பொங்குவதைக் கேட்டவள் எழுந்திருப்பது போல, அவ்வளவு சாதாரணமாக எழுந்தாள். ஹெட்போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"தூக்குங்காக," என்றாள்.

"அம்மா, அவரை எடுத்து அடக்கம் பண்ணியாச்சு. நீங்களே பாத்தீங்க."

"அது தீயணைப்புக்காரவுக எடுத்தது சார். தூக்குன்னு தட்டுனா நான்லா தூக்கணும். இருவது வருசமா வேற ஆளு தூக்கி ஏறுனதில்ல அவுக."

வடத்தைக் கப்பியில் போட்டாள். நுனியை உள்ளே விட்டாள். கப்பி கிறீச்சிட்டது. வடம் தண்ணீரைத் தொட்டது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மாட்டாமல் இருக்க முடியவில்லை.

தட்டு நின்றது.

அவன் காத்திருந்தான். ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர். சுத்தமான, செத்த தண்ணீர். அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லப்போனான்.

கப்பியில் வடம் விறைத்தது.

சீனியம்மாளின் முன்கை நரம்புகள் புடைத்தன. ஒரு காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டாள். இழுத்தாள்.

மூன்றாவது முள் ஆடி அடங்கியது. ஸ்கேலில் இருபது.

பதினெட்டு.

இரண்டாவது முள் துள்ளியது. பதினைந்து. மைக்கை ஏதோ உரசிக்கொண்டு போயிற்று. காதுக்குள் ஈரத்துணி இழுபடுகிற சத்தம்.

பன்னிரண்டு. பத்து.

"விட்டுருங்கம்மா," என்றான். "வடத்தை விட்டுருங்க."

அவள் விடவில்லை. கை மாற்றிக் கை மாற்றி, பழகிய இழுப்பு.

முதல் முள். ஐந்து. மூன்று. ஒன்று.

நாலு முள்ளும் ஒரே நேரத்தில் படுத்தன.

தண்ணீருக்குள் இப்போது ஒன்றுமில்லை. அது அவனுக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டி பொய் சொல்லாது. ஹெட்போனைக் கழற்றினான். கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், காற்றில், வெறும் காதில் கேட்டது. பிறகு படிக்கல்லில். தட், தட்.

விட்டு.

தட்.

"கனமா இருக்கு சார்," சீனியம்மாள் மூச்சு வாங்கினாள். "நீங்களும் ஒரு கை பிடிங்க."

ஓடியிருக்கலாம். கால்கள் கிணற்றுப் பக்கம்தான் போயின. அவள் பக்கத்தில் போய் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, விளிம்புக்கு வெளியே கையை நீட்டி வடத்தைப் பிடித்தான். நனைந்து சில்லென்று இருந்தது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. புறா எச்ச வாடை. பச்சைப் பாறை வாடை.

அப்புறம் ஏதோ ஒன்று அவன் மணிக்கட்டைப் பற்றியது. கைதான். எலும்பெல்லாம் நொறுங்கி, நனைந்த மண்மூடை போலத் தொளதொளத்த கை. அதில் ஒரு விரல் மட்டும் அசைந்தது. அவன் நாடியின் மேல், மெதுவாக. இரண்டு. விட்டு ஒன்று.

"கண்ணைத் தெறங்க சார்," சீனியம்மாள் அவன் காதருகே சொன்னாள். அவள் குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கு ஏறிப் போனதைப் பாத்தேன்னு சொன்னியள்லா. இப்பம் ஏறுதாக. பாத்துச் சொல்லுங்க."

அவன் கண்ணைத் திறந்தான்.